ரயில் கொக்கியும் ஒரு தொழிலாளியின் கையும்

பழைய அமெரிக்க மாடல் ரயில் எஞ்சின் ஒன்று கிடைத்தால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பலரும் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? முன்னும் பின்னும் உள்ள கப்ளரை, அதாவது பெட்டியோடு இணைக்கும் கொக்கியை, கழற்றிப் போடுவதுதான்! குட்டி ஸ்குரூவைக் கழற்றி, பழைய பிளாஸ்டிக் கொக்கியை எடுத்துவிட்டு, 'கேடீ' என்ற கம்பெனியின் உலோகக் கொக்கியை வைத்து மூடுவார்கள். நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு இருக்கும் ஹெச்ஓ அளவு மாடல் என்றால், தண்டவாளத்திலிருந்து கொக்கியின் உயரம் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதை அளந்து பார்க்கத் தனிக் கருவியே உண்டு.

இத்தனைக்கும் பழைய கொக்கி உடைந்திருக்காது. தன்னைப் போன்ற இன்னொரு கொக்கியோடு அது நன்றாகவே சேரும். பிறகு ஏன் மாற்ற வேண்டும்? இதற்கு விடை தேடிப் போனால் நிஜ ரயிலின் வரலாற்றில் போய் நிற்போம். அங்கே இது விளையாட்டு விஷயம் இல்லை.

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் ரயில் பெட்டிகளை ஒரு இரும்பு வளையமும் ஒரு ஆணியும்தான் இணைத்தன. பெட்டி நகர்ந்து வரும்போதே பிரேக்மேன் நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்துத் துளைக்குள் விட்டு, மேலே ஆணியைப் போட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் விரல் போய்விடும். சில நேரம் உயிரே போய்விடும். விரல் இல்லாத கையைப் பார்த்தே அவர் ரயில்வேக்காரர் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை.

வர்ஜீனியா மாநிலத்தில் துணிக்கடை குமாஸ்தாவாக இருந்த எலி ஜேனி என்பவர் 1873-ல் ஒரு புதுக் கொக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடு ஒன்று மாட்டிப் பாருங்கள், அதுதான் ஐடியா. பெட்டிகள் மோதினாலே மாட்டிக்கொள்ளும். ஆள் நடுவில் போக வேண்டியதில்லை. ஆனால் ஆளுக்கொரு கொக்கிக்குக் காப்புரிமை வைத்திருந்த காலம் அது. 1880களின் கடைசியில் பெட்டி கட்டுவோர் சங்கம் ஜேனி வகையையே பொது வகையாக ஏற்றது. அதற்காக, கொக்கியின் வெளிவடிவத்தின் மீதான உரிமையை ஜேனி விட்டுக்கொடுத்தார். அந்த வடிவம் எல்லோருக்கும் பொதுவானால்தானே மற்றவர்கள் செய்யும் கொக்கியும் அதோடு சேரும்!

1893-ல் சட்டமும் வந்தது. மோதினால் தானாக இணையும் கொக்கி கட்டாயம் என்றது. 1898-ல் முடிய வேண்டிய கெடு 1900 வரை நீண்டது.

இனிதான் முக்கியமான கட்டம். 1900 ஆகஸ்ட் 5. யூட்டா மாநிலத்தில் பிராமண்டரி என்ற ஊர். ஜான்சன் என்ற பிரேக்மேனிடம், எஞ்சினை ஒரு டைனிங் காரோடு இணைக்கச் சொன்னார்கள். எஞ்சினில் இருந்தது ஜேனி கொக்கி. டைனிங் காரில் இருந்தது மில்லர் கொக்கி. இரண்டும் ஒன்றோடு ஒன்று தானாகச் சேராது! ஜான்சன் நடுவில் போனார். கை நசுங்கியது. மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டுகளில் தோல்வி. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: சட்டம் 'கார்' என்றுதான் சொல்கிறது, எஞ்சின் 'கார்' ஆகாது, மேலும், ஒவ்வொரு வண்டியிலும் தன் இனத்தோடு தானாகச் சேரும் கொக்கி இருந்தாலே போதும், அடுத்த வண்டியின் கொக்கியோடு சேர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வண்டியும் பாஸ். நடுவில் நின்றவருக்குத்தான் கை போனது.

1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தூக்கி எறிந்தது. எஞ்சினும் 'கார்' என்ற சொல்லில் அடங்கும், ஆள் நடுவில் போகாமல் இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம் என்று தலைமை நீதிபதி ஃபுல்லர் தீர்ப்பு எழுதினார்.

இப்போது மாடலுக்கு வருவோம். அங்கேயும் இதே குழப்பம்தான். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கொக்கி. 1935-ல் தொடங்கிய நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷனில் 1950களில் 'எக்ஸ்2எஃப்' என்ற கொக்கி உருவானது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் செய்யலாம். அதிகாரபூர்வத் தரமாக அது ஏற்கப்படவே இல்லை, ஆனாலும் மலிவு என்பதால் பெட்டிக்குப் பெட்டி அதுதான். குறை என்னவென்றால், ரயிலைப் பின்னால் தள்ளும்போது பக்கவாட்டில் அழுத்தி வண்டியைத் தடம்புரள வைக்கும்.

கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் நடத்திய கேடீயின் கொக்கி, பார்க்க நிஜ ஜேனி கொக்கி மாதிரியே இருக்கும். 1960களின் தொடக்கத்தில் வந்த வகையில், தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் வைத்தால் கை படாமலே பிரிக்கலாம். ஆனால் காப்புரிமை கேடீயிடம். அதனால் எஞ்சின் விற்றவர்கள் இலவசக் கொக்கியை மாட்டியே விற்றார்கள், வாங்கியவர்கள் தனிக்காசு கொடுத்து மாற்றினார்கள். காப்புரிமைக் காலம் முடிந்து 1990களில் மற்றவர்களும் அதோடு சேரும் கொக்கிகளைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் எக்ஸ்2எஃப் மெல்ல ஓய்ந்தது.

வணிகவியல் மாணவனாக எனக்கு இதில் தெரிவது ஒரு கணக்கு. பொதுத் தரம் இல்லாததற்கு ஒரு செலவு உண்டு, அது எந்தக் கம்பெனியின் லெட்ஜரிலும் ஏறாது. யாரோ ஒருவர் தலையில் விழும். மாடல் ரயிலில் அது கொஞ்சம் காசு, ஸ்குரூடிரைவரோடு ஒரு மாலை நேரம். பிராமண்டரியில் அது ஜான்சனின் கை. ஜேனி தன் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அது மட்டும் போதவில்லை. சட்டம் வந்தும் போதவில்லை. இரண்டு கொக்கிகளும் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும் என்று ஒரு கோர்ட் எழுதிச் சொல்ல 1904 ஆகிவிட்டது.