தெல்லிப்பழையும் அம்பனையும்: மெய்யொலிகள் வகுக்கப்படும் விதம்

தெல்லிப்பழை என்ற ஊர்ப்பெயரில் த, ல, ப, ழ என்ற நான்கு மெய்யொலிகள் உண்டு. மெய்யொலிகளை ஒலியியல் எவ்வாறு வகைப்படுத்துகின்றது என்பதை விளங்கிக்கொள்ள இந்தப் பெயரே நல்ல உதாரணம். ஒலியியல் ஒவ்வொரு மெய்யிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றது.

முதலாவது, ஒலி எங்கே பிறக்கின்றது? த சொல்லும்போது நாநுனி மேற்பல்லைத் தொடுகின்றது, அது பல்லொலி. ல சொல்லும்போது பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொடுகின்றது. ப ஈரிதழ் ஒலி. ழ, நா பின்வளையப் பிறக்கும் வளைநா ஒலி. யாழ்ப்பாணப் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடுவதால், 'தெல்லிப்பளை' என்று எழுதுவோரும் உள்ளனர்.

இரண்டாவது, மூச்சு எப்படி வெளியேறுகின்றது? த, ப இரண்டிலும் மூச்சு முழுதாக அடைபட்டு விடுபடுகின்றது, இவை வெடிப்பொலிகள். ல-வில் நாவின் பக்கங்களால் வழிகின்றது, அது மருங்கொலி. ம-வில் வாய் மூடியிருக்க மூக்கால் வருகின்றது. நமது வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பகுப்பு இந்த வகைப்பாட்டோடு பெரிதும் பொருந்துகின்றது. ஒலி பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியம் பிறப்பியலில் தனியாக விளக்குகின்றது.

மூன்றாவது, குரல்நாண் அதிர்கின்றதா? தொண்டையில் விரலை வைத்து 'அப்பா' என்றும் 'அம்பனை' என்றும் சொல்லிப் பாருங்கள். 'அப்பா'வின் நடுவே அதிர்வு ஒரு கணம் நின்றுபோகும். மகாஜனாக் கல்லூரி இருக்கும் 'அம்பனை'யில் அது நிற்காது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தமிழில் வல்லின எழுத்து சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வின்றியும், மெல்லினத்தை அடுத்து அதிர்வோடும் ஒலிக்கும். இடமே ஒலியைத் தீர்மானிப்பதால் தனி எழுத்துத் தேவைப்படவில்லை. சிங்களத்திலோ இவ்விரண்டுக்கும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு.

இந்தச் சிறு வேறுபாடு உயிரைப் பறித்ததும் உண்டு. 1983 கறுப்பு யூலையில் வன்முறைக் கும்பல்கள் பஸ்களை மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லும்படி பயணிகளை வற்புறுத்தின. அச்சொல்லின் முதல் ஒலி அதிர்வுள்ளது. அதை அதிர்வின்றிச் சொன்னவர் தமிழர் என்று அடையாளம் காணப்பட்டார்.

'தம்பி' என்று அழைக்கும் ஒவ்வொரு தமிழரும் அந்த அதிர்வொலியை நாள்தோறும் சொல்கின்றார். சொல்லின் முதலில் அதை வைக்கும் பழக்கம்தான் தமிழ்ச் சொற்களுக்கு இல்லை. அது நாவின் குறையல்ல, மொழியின் ஒழுங்கு. ஒரு மொழியின் இலக்கண ஒழுங்கை அதைப் பேசுவோருக்கு எதிரான பொறியாக்கினார்கள் என்பதே அன்று நடந்தது.