அச்சு முறிந்த ஊரும் உயரம் தேடிய வண்டியும்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மதுராந்தகத்தைத் தாண்டியதும் அச்சரப்பாக்கம் என்ற ஊர் வருகிறது. இவ்வூரின் பழைய பெயர் அச்சிறுபாக்கம். அதாவது, அச்சு + இறு + பாக்கம். ‘இறு’ என்றால் முறிதல். திரிபுரங்களை அழிக்கச் சிவபெருமான் தேரேறிப் புறப்பட்டார். தேவர்கள் விநாயகரை வணங்க மறந்தனர். இவ்விடத்தில் தேரின் அச்சு முறிந்தது என்பது தலபுராணம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதரும் அச்சு முறிந்த கதையைத் தம் திருப்புகழில் குறிப்பிடுகிறார்.

புராணத்தை ஆராய்வது நம் வேலையன்று. ஆனால், வண்டியின் அச்சு முறிந்ததை ஓர் ஊரின் பெயராகவே வைத்துக்கொண்ட மக்களுக்கு, வண்டி எங்கே பலவீனமானது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது! திருவள்ளுவரும் ‘வலியறிதல்’ அதிகாரத்தில், மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தைச் சொல்கிறார். அங்கும் அவர் கையாளும் சொல் ‘இறு’ என்பதே.

இன்று அதே நெடுஞ்சாலையில் இயல்பான உயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்தப்பட்ட ஜீப்புகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றில் பொருத்தப்படும் கருவித் தொகுதிக்கு ‘லிஃப்ட் கிட்’ என்று பெயர். வண்டியை ஏன் உயர்த்துகிறார்கள்? உயர்த்தினால் அச்சுக்கு என்ன நேரும்? இவற்றுக்கு விடை காண மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம்.

மாட்டு வண்டியின் கணக்கு

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டையின்மேல் இரும்புப் பட்டை. குடத்தின் வழியே அச்சு செல்கிறது. சக்கரம் கழன்று விடாமல் காப்பது கடையாணி.

சக்கரத்தின் விட்டம் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். அச்சு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். ஆகவே வயல் வரப்பும் சேற்றுப் பள்ளமும் அச்சைத் தொடுவதில்லை. அச்சின் உயரம் என்பது சக்கரத்தின் ஆரமே. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இந்த எளிய உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சக்கரம் பெரிதானால் கல்லையும் குழியையும் எளிதில் கடக்கலாம். ஆனால் பாரமும் உயரத்துக்குப் போய்விடும். சாய்வான இடத்தில் வண்டி கவிழும் ஆபத்து கூடும். நம் தச்சர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை அனுபவத்தால் கண்டுபிடித்தார்கள்.

ஜீப் வந்தது

1940இல் அமெரிக்க இராணுவம், சாலை இல்லாத நிலத்திலும் ஓடக்கூடிய ஒரு சிறு வண்டியைத் தயாரிக்கும்படி கம்பெனிகளைக் கேட்டது. பாண்டம், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய மூன்றும் மாதிரிகளைச் செய்தன. 1941 முதல் வில்லிஸும் ஃபோர்டும் பெருமளவில் தயாரித்த வண்டியே ஜீப். போருக்குப் பின், 1940களின் இறுதியில், பம்பாயில் மகீந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. காடு, மலை, அணைக்கட்டு வேலை என்று நாடெங்கும் ஜீப் போயிற்று.

மாட்டு வண்டியின் அச்சு வெறும் தண்டு. அது சுமையை மட்டும் தாங்குகிறது. ஜீப்பின் அச்சோ எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். அதற்காக அச்சுக் கூட்டின் இடையில் ‘டிஃபரென்ஷியல்’ என்ற பல்சக்கரத் தொகுதி உள்ளது. அது ஒரு பூசணிக்காய் போலக் கீழ்நோக்கிப் புடைத்திருக்கும். ஆகவே, சக்கரத்தின் ஆரம் 14 அங்குலம் இருந்தாலும், அந்தப் புடைப்புக்கும் தரைக்கும் இடையே கிடைப்பது சுமார் 9 அங்குலமே. கரட்டு நிலத்தில் கல் முதலில் இடிப்பது இங்கேதான்.

உயர்த்தினால் எது உயரும்?

உயர்த்தும் முறைகள் மூன்று. முதலாவது, சட்டத்துக்கும் உடற்கூட்டுக்கும் இடையே கட்டைகளை வைப்பது. இதில் கூடு மட்டுமே உயர்கிறது. சட்டமும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இரண்டாவது, ஸ்பிரிங்கை மாற்றுவது. பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூட்டலாம். அல்லது அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே வைத்துக் கட்டலாம். இப்போது சட்டம் உயர்கிறது. மேட்டில் ஏறும்போது முன்பக்கம் இடிக்காது. மேட்டின் உச்சியில் நடுப்பகுதி தட்டாது. ஆனால் டிஃபரென்ஷியலோ ஓர் அங்குலம்கூட மேலே வரவில்லை!

அச்சு உயர வேண்டுமானால் மூன்றாவது வழி ஒன்றே உண்டு: டயரைப் பெரிதாக்குவது. மாட்டு வண்டிக் கணக்குதான் இது. 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயரைப் போட்டால் அச்சு ஒன்றரை அங்குலம் உயரும். பெரிய டயர் சுழல இடம் வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் ஸ்பிரிங்கை உயர்த்துகிறார்கள்.

விலை என்ன?

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. பெரிய டயரைச் சுழற்ற, அதே இழுவிசைக்கு அச்சுத் தண்டின் மீது சுமார் 11 விழுக்காடு அதிக முறுக்கு விழுகிறது. பிரேக்குக்கும் அதே அளவு கூடுதல் வேலை. வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சட்டத்தை உயர்த்தியதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடுகிறது. அதன் மூட்டுகள் அதிர்ந்து விரைவில் தேய்கின்றன. பிரேக் குழாய்களும் ஸ்டீயரிங் கம்பிகளும் புதிய உயரத்துக்கு ஏற்ப மாற்றப்படாவிட்டால் ஆபத்து.

எல்லாவற்றிலும் பெரிய விலை நிலைத்தன்மை. ஒரு வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே அகலம் 56 அங்குலம். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 28 அங்குலம் என்று கொள்வோம். அகலத்தில் பாதியும் மையத்தின் உயரமும் சமம். எனவே பக்கவாட்டில் 45 பாகை சாயும் வரை அது கவிழாது. மையம் 4 அங்குலம் உயர்ந்தால் இந்த எல்லை 41 பாகைக்கு இறங்கிவிடும். இது அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு. ஸ்பிரிங் சாய்வதாலும் டயர் நசுங்குவதாலும் உண்மை எல்லை இன்னும் குறைவு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்புறம் தள்ளும் விளைவும் சேர்ந்துகொள்ளும். காட்டுப் பாதைக்காக உயர்த்திய வண்டி நெடுஞ்சாலையில் கவிழ்வதற்குக் காரணம் இதுவே.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே முறை.

பொறியாளர் கண்ட வேறு வழி

வண்டியைத் தூக்காமல் அச்சை மட்டும் தூக்க முடியாதா? முடியும். சக்கரத்தின் அருகில் ஒரு பல்சக்கரப் பெட்டியை வைத்து, அச்சுத் தண்டைச் சக்கர மையத்துக்கு மேலே கொண்டுசென்றால் போதும். 1940இல் வந்த ஜெர்மானியக் கூபல்வாகன் என்ற இராணுவ வண்டியின் பின்சக்கரங்களிலும், போருக்குப் பின் வந்த யூனிமாக் வண்டியிலும் இந்த அமைப்பு உண்டு. ‘அச்சின் உயரம் சக்கரத்தின் ஆரமே’ என்ற பழைய விதி இங்கே உடைந்தது. ஆனால் எடையும் செலவும் கூடின.

நிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே அறிவு. கற்கள் நிறைந்த மலைப்பாதையில் உயரம் உதவும். மாமல்லபுரக் கரையைப் போன்ற மணலில் உயரத்தால் பயனில்லை. டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது மணலில் பரந்து பதியும், புதையாது. தார்ச்சாலையிலோ தாழ்ந்த வண்டியே பாதுகாப்பானது. நல்ல மண்சாலையில் போகவேண்டிய ஒருவர் 4 அங்குலம் உயர்த்துவது, குடையோடு வீட்டுக்குள் உட்காருவது போன்றதே.

அடுத்த முறை அச்சரப்பாக்கம் வழியே போகும்போது, உயர்த்திய ஜீப் ஒன்று உங்களை முந்திச் சென்றால் அதன் அடியில் பாருங்கள். கூடு உயர்ந்திருக்கிறதா, சட்டம் உயர்ந்திருக்கிறதா, அச்சு உயர்ந்திருக்கிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம். அதன் அச்சு எவ்வளவு கூடுதல் முறுக்கைத் தாங்குகிறது என்பதையும், டயரின் அளவு தெரிந்தால், மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.