பட்டம் உண்டு, இருக்கை இல்லை

ஃபார்முலா 1 கார் பந்தயத்தை அடைவதற்கு ஓர் ஏணி உண்டு. சிறுவயதில் கோ-கார்ட், பின்னர் ஒற்றை இருக்கைக் கார்களில் ஃபார்முலா 4, ஃபார்முலா 3, ஃபார்முலா 2. ஒவ்வொரு படியிலும் வெல்பவர் அடுத்த படிக்கு உயர்வார் என்பதே இந்த ஏற்பாட்டின் வாக்குறுதி. அந்த வாக்குறுதி எதுவரை செல்லுபடியாகும் என்பதற்கு பிரான்ஸ் நாட்டு ஓட்டுநர் தியோ பூர்ஷேரின் வாழ்க்கை ஒரு சான்று.

2003 ஆகஸ்டில் தென் பிரான்சின் கிராஸ் நகரில் பிறந்தவர் பூர்ஷேர். 2018-இல் பிரெஞ்சு ஃபார்முலா 4 தொடரின் இளையோர் பட்டம், 2019-இல் ஜெர்மானிய ஃபார்முலா 4 பட்டம். சாபர் அணியின் இளம் ஓட்டுநர் திட்டம் அவரை அரவணைத்தது. 2020-இல் ஃபார்முலா 3-இல் ஆஸ்கர் பியாஸ்ட்ரியிடம் வெறும் மூன்று புள்ளிகளில் பட்டத்தை இழந்தார். 2021 மே மாதம், 17 வயதில், மொனாக்கோவில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு வென்று, ஃபார்முலா 2-இன் மிக இளைய வெற்றியாளரானார். அடுத்து பாகு நகரில் நேர்ந்த விபத்தில் கை எலும்பு முறிந்தது. மீண்டு வந்து அவ்வாண்டை ஐந்தாம் இடத்தில் முடித்தார். 2022-இல் ஃபெலிப்பே ட்ருகோவிச்சுக்கு அடுத்த இடம். 2023-இல் ஃபிரடெரிக் வெஸ்டியை 203-க்கு 192 என்ற புள்ளிக் கணக்கில் முந்திப் பட்டம் வென்றார்.

ஆனால், ஃபார்முலா 1 கதவு திறக்கவில்லை. அப்போது அங்கே இருந்தவை 10 அணிகள், 20 இருக்கைகள். 2023-ஆம் ஆண்டின் கடைசிப் போட்டியில் ஓட்டிய அதே 20 பேரே 2024-இன் முதல் போட்டியிலும் ஓட்டினர். சாபரிலும் வால்ட்டேரி போட்டாஸ், சோ குவான்யூ இருவருமே தொடர்ந்தனர். பூர்ஷேருக்குக் கிடைத்தது மாற்று ஓட்டுநர் பொறுப்பு மட்டுமே. ஃபார்முலா 2 பட்டம் வென்றவர் மீண்டும் அத்தொடரில் ஓட விதி இடம் தராது. தோற்றவர் மறு ஆண்டு முயலலாம். வென்றவர் வெளியேறியே ஆக வேண்டும்!

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு பாடம் தென்படுகிறது. எட்வர்ட் லாசியர், ஷெர்வின் ரோசன் ஆகிய அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1981-இல் முன்வைத்த போட்டிக் கோட்பாடு, மேல்நிலைப் பரிசு பெரிதாக இருந்தால் கீழே உள்ளோர் முழு ஆற்றலையும் செலவிடுவர் என்கிறது. அதற்கு அடிப்படை, முதலிடம் பெறுபவருக்குப் பரிசு உறுதி என்பதாகும். ஃபார்முலா 2-இல் அந்த உறுதி இல்லை. உலகக் கூட்டமைப்பு பட்டம் வென்றவருக்கு 40 புள்ளிகள் தந்து, ஃபார்முலா 1 ஓட்டுவதற்கான உரிமத் தகுதியை வழங்குகிறது. வேலை தருவதோ தனியார் அணிகள். தகுதியை ஒருவர் சான்றளிக்க, காலியிடத்தை வேறொருவர் தீர்மானிக்கிறார். 2022-இல் நான்காம் இடம் பெற்ற லோகன் சார்ஜன்ட் மறு ஆண்டே வில்லியம்ஸ் அணியில் ஓட்டினார். முதல் இரு இடங்களைப் பெற்ற ட்ருகோவிச்சுக்கும் பூர்ஷேருக்கும் இருக்கை இல்லை.

பூர்ஷேர் மூன்றாவது முழுப் பருவத்தில்தான் வென்றார், பட்டம் பெற்ற ஆண்டில் ஒரே ஒரு பந்தயத்தையே வென்றார், வெஸ்டியின் வெற்றிகள் அதிகம் என்று அணிகளின் தரப்பில் வாதிடலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், சீராகப் புள்ளி சேர்ப்பவருக்கே பட்டம் என்று விதியை வகுத்துவிட்டு, அந்தச் சீர்மைக்குச் சந்தையில் மதிப்பில்லை என்பது முரண்.

அதன் பின் நடந்தவை இந்த நிலையற்ற தன்மையைக் காட்டுகின்றன. 2024-இல் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஒரே ஒரு போட்டி. பின்னர் அமெரிக்காவின் இண்டிகாரில், காயமுற்ற ஓட்டுநருக்குப் பதிலாக லாங் பீச்சில் இறங்கி, அறிமுகப் போட்டியிலேயே 11-ஆம் இடம். எஞ்சிய பருவம் முழுவதும் அவரே ஓட்டுவார் என்று அணி அறிவித்தது. சில வாரங்களில் அந்த இடம் வேறொருவருக்குப் போனது. 2025-க்கு சாபர் தேர்ந்தெடுத்த இளைஞர், 2024-இன் ஃபார்முலா 2 வெற்றியாளர் கேப்ரியல் போர்டோலெட்டோ. 2026-இல் காடிலாக் வருகையால் இருக்கைகள் 22 ஆயின. அந்தப் புதிய இரண்டும் அனுபவசாலிகளான செர்ஜியோ பெரெஸுக்கும் போட்டாஸுக்குமே சென்றன.

ஃபார்முலா 2-இல் ஓராண்டு ஓட்டவே பல இலட்சம் யூரோ தேவை. ஆதரவாளர் இல்லாத குடும்பம் இந்த ஏணியில் கால் வைப்பதே அரிது. எனவே, ஏணியை நடத்துவோருக்குப் பொறுப்பு உண்டு. அமெரிக்காவின் இண்டி லைட்ஸ் தொடர், தன் வெற்றியாளருக்கு இண்டிகாரில் சில போட்டிகளேனும் ஓட்டுவதற்கான நிதியைப் பரிசாக அளித்த காலம் உண்டு. அதுபோன்றதோர் ஏற்பாடு ஃபார்முலா 1-க்கு எட்டாததல்ல. இருக்கையை உறுதிசெய்ய இயலாவிடில், வென்றவர் பட்டத்தைத் தக்கவைக்க மறு ஆண்டு போட்டியிடவாவது அனுமதிக்கலாம். வெற்றியே ஒருவரை வேலையற்றவராக்கும் விதி எந்தத் துறைக்கும் பெருமை சேர்க்காது.