நெல்லுக்கு ஒரு வீடு

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலின்கண் செங்கல்லாலான வட்டக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கூம்பிய முடியுடைய அதனைக் காணும் புதியவர்கள் ஏதோ சமாதி என்று மயங்குவதுண்டு. அது நெற்களஞ்சியம். 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர். உயரம் ஏறத்தாழ 35 அடி. கொள்ளளவு 3000 கலம்.

கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மரக்கால். முன்னொரு முறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று, மொத்தம் எத்தனை மரக்கால் என்று கேட்டேன். 36,000 என்று ஒரே குரலில் விடை வந்தது. அதன் பின்னர் ஒரு சிறுவன், "இதன் சாவி யாரிடம் இருந்தது, ஐயா?" என்று கேட்டான். அவன் பாட்டனார் பண்ணையாளாக இருந்தவர். கணக்கு மட்டுமே எண்ணிச் சென்ற நான் சற்றுத் திகைத்துத்தான் போனேன்.

வட்ட வடிவம் அழகுக்காக அமைந்ததன்று. குவிந்த நெல் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். வட்டச் சுவர் அவ்வழுத்தத்தை எங்கும் சமமாகத் தாங்கும். ஈரமும் பூச்சியும் தங்குவதற்கு மூலை இல்லை. கூம்பிய முடியில் மழைநீர் நில்லாது.

கோயிலுக்குக் களஞ்சியம் என்றால், மிராசுதார் வீட்டுக்குப் பத்தாயம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எனத் தெருவிலிருந்து கொல்லை வரை நீளும் அவ்வீட்டில், பலகை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய அந்தப் பெரும் பெட்டி உள்ளேயே இருக்கும். மேலே கொட்டி, அடியிலுள்ள சிறு வாயில் வழியே எடுப்பர். ஆகவே பழைய நெல் முதலில் வெளிவரும். பூச்சிக்கு நொச்சித் தழையும் வேப்பிலையும் இடுவர். பத்தாயம் கொள்ளாத நெல்லுக்கு வைக்கோற் பிரி சுற்றிச் சேர் கட்டுவதுண்டு. மாட்டுக் கொட்டில் கொல்லையில். வைக்கோற்போர் அதற்கும் அப்பால்.

இங்கிலாந்தின் பழைய பண்ணைகளில் தானியம் மனிதரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பது பெரும்பாலும் இல்லை. அங்கே அறுவடைக் காலத்திலும் மழை வரும். ஆதலால் கதிர்க்கட்டுகளை அடுக்கி உள்ளேயே போரடிக்கப் பெருங்கொட்டகை வேண்டும். எதிரெதிராக இரு கதவுகள் வைத்து, இடையே வீசும் காற்றில் தூற்றுவர். கிரேட் காக்ஸ்வெல் என்னும் ஊரில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவியர் மடம் ஒன்று எழுப்பிய அத்தகைய கொட்டகை, ஏறத்தாழ 150 அடி நீளத்தில் இன்றும் நிற்கிறது. தானியம் சேமிக்கும் அறையையோ, எலி ஏறாதபடி காளான் வடிவக் கற்களின்மேல் தூக்கி நிறுத்துவர். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தையில் சம்பா அறுவடை. வெயிலே கூரை, திறந்த களமே போதும். கட்டடம் வேண்டியது காப்பதற்கு மட்டுந்தான்.

ஆயினும் கோயில், மடம், மிராசுதார் வீடு எங்கும் களஞ்சியம் ஆண்டவன் பேரிலோ ஆள்பவன் பேரிலோதான் இருந்தது. விளைத்தவன் குடியிருப்பு ஊருக்கு வெளியே. மண்சுவர், கீற்றுக்கூரை, உள்ளே ஓர் அடுக்குப்பானை. கூலி நெல் அதற்குமேல் வளர்ந்ததில்லை. அந்நெல்லை முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பதே விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. அளவையைக்கூட நம்ப இயலாத நிலை! 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பத்தாயங்கள் பல வீடுகளில் கழற்றப்பட்டுவிட்டன, பலகைகள் கதவுகளாயின. நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. திருப்பாலைத்துறைக் களஞ்சியம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அடுத்த முறை அங்கே சென்றபோது, மரக்கால் கணக்கைக் கேட்குமுன், அச்சிறுவன் கேட்ட கேள்வியையே மாணவர்களிடம் முதலில் வைத்தேன்.