கண்டி மலைகளில் புல் வந்த கதை

கண்டி நகருக்குத் தெற்கே நிற்கும் ஹந்தானை மலைத்தொடரின் பல முகடுகளில் காட்டைவிட மானாப்புல்லே மிகுதி. மலைநாட்டின் இத்தகைய புல்வெளிகளைச் சிங்களத்தில் ‘பத்தன’ என்பர். மழைக்குப் பஞ்சமில்லாத மலைகளில் மரம் ஏன் இல்லை என்ற வினா, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளரிடையே விவாதிக்கப்பட்டு வருகிறது.

1890களின் பிற்பகுதியில், கேம்பிரிட்ஜில் பயின்ற ஹரோல்ட் பியர்சன் என்ற இளைஞர் புலமைப்பரிசில் பெற்று இலங்கைக்கு வந்து இந்தப் பத்தனைகளை ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 1899இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. புல்வெளி நிலைத்திருப்பதில் தீக்குள்ள பங்கை அவர் வலியுறுத்தினார். பின்னாளில் 1913இல் தென்னாபிரிக்காவின் கிர்ஸ்டன்பொஷ் தாவரவியற் பூங்காவை நிறுவியவரும் இவரே.

தீ செய்யும் வேலை எளிதில் விளங்கக்கூடியது. கோடையில் மூட்டப்படும் தீ புல்லின் மேற்பகுதியை எரிக்கும். வேர் பிழைத்து மீண்டும் துளிர்க்கும். மரக்கன்றோ கருகி மடியும். கால்நடைகளுக்கு இளம்புல் வேண்டி இவ்வாறு தீ வைப்பது மலைநாட்டில் நெடுங்கால வழக்கம். ஆதலால் காட்டழிவுக்கான பழி கிராமத்தவர் மீதும் சேனைப் பயிர்ச்செய்கை மீதும் விழுந்தது. 1882இல் அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்த வனத்துறை அதிகாரி வின்சென்ட் அவர்களும் சேனையைக் கடுமையாகக் கண்டித்தார்.

எனினும் பழிக்கணக்கின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை எவ்வாறு பரவியது? காட்டை வெட்டிச் சாய்த்து, உலரவிட்டு, கொளுத்திய பின்னரே கோப்பிக் கன்று நடப்பட்டது. மலைமலையாக எரிந்த அந்தத் தீ ‘அபிவிருத்தி’ எனப்பட்டது. கிராமத்தவன் வைத்த தீ குற்றமாயிற்று. இந்தக் காட்டழிவு குறித்துப் பேராதனைப் பூங்காவின் தலைவர் த்வெயிட்ஸ் கவலை தெரிவித்தார். கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் அவருக்குத் துணைநின்றார். 1873இல் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டலாகாது என ஹூக்கர் அறிவுறுத்தியதை அரசு ஏற்றுக்கொண்டது. ஆயினும் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குக் கீழேயே இருந்தன.

காடு போனதன் விளைவை மகாவலி கங்கை சுமந்தது. எரிந்து வெறுமையான சரிவில் முதல் மழை விழும்போது மண் ஆற்றோடு போகும். கண்டிக்கு அருகே பொல்கொல்லை அணை 1976இல் இயங்கத் தொடங்கியது. அடுத்த 12 ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை வண்டல் நிரப்பிவிட்டதாக மதிப்பிடப்பட்டது. உலர்வலய வயல்களுக்கு நீர் திருப்பும் அணைக்கு இக்கதி நேர்ந்தது.

புல்மலைகளை மூடுவதற்கு அரசு தேர்ந்த மரம் பைனஸ். அது விரைந்து வளர்ந்தது உண்மையே. ஆனால் உதிர்ந்த பிசின் ஊசியிலைகள் கோடையில் தீக்கு நல்ல விறகாயின. இதற்கு மாற்றுவழி தேடியவர்களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர் முக்கியமானவர்கள். யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனுடன் இணைந்து, சிங்கராஜ வனத்தின் எல்லையிலுள்ள பைனஸ் தோட்டத்தில் சில வரிசைகளை நீக்கி, அவ்விடத்தில் நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டினர். 1997இல் வெளியான அந்த ஆய்வு, பைனஸை வளர்ப்புத் தாயாகக் கொண்டு மழைக்காட்டை மீட்கலாம் என்று நிறுவியது.

ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அதன் அடிவாரத்தில்தான் பேராதனை வளாகம் இருக்கிறது. அறிவிப்பால் மட்டும் கோடைத் தீ நின்றுவிடவில்லை. யார் தீ வைத்தார் என்று தேடுவது பொலிசாரின் பணி. எரிந்த சரிவில் அடுத்த மழைக்கு முன் எதை நடுவது என்பதோ ஆய்வாளர் விடை கூறவேண்டிய வினா. மகாவலி நீரை நம்பியிருப்போருக்குப் பின்னதே உடனடித் தேவை.