தண்டு வலித்த இரு நங்கையர்

நம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அமைந்திருப்பது அல்சூர் ஏரியின் அருகே. அவ்வேரியில் நீண்டு மெலிந்த படகுகள் அம்புபோல் விரைவதை அன்பர்கள் பலர் கண்டிருப்பர். 1780 ஆம் ஆண்டில் தோற்றங்கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வீரர்கள் அங்குப் பயில்கின்றனர். ‘தம்பிகள்’ என்று படையுலகம் அன்புடன் அழைக்கும் அவ்வீரர்கள் வலிப்பது துடுப்பன்று, தண்டு. கையிலேந்தி நீரைத் துழாவுவது துடுப்பு. படகோடு பொருத்தி இழுப்பது தண்டு. தண்டு வலித்தல் என்னும் நல்ல தமிழ்ச் சொல்லை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்விளையாட்டு நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னை அடையாற்றின் கரையில் படகுக் கழகம் எழுந்தது 1867 இல். ஆயின் மகளிர்க்கு இதன் கதவு திறக்க நெடுங்காலம் ஆயிற்று. ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடவர் 1900 ஆம் ஆண்டிலேயே தண்டு வலித்தனர். மகளிர்க்கு அவ்வாய்ப்பு 1976 இல், மாண்ட்ரியல் நகரில்தான் வாய்த்தது. அப்பொழுதும் ஆடவர்க்கு 2,000 மீட்டர், மகளிர்க்கு 1,000 மீட்டர்! பெண்ணின் ஆற்றல் பாதியே என்று எக்கோல் கொண்டு அளந்தனரோ, நாம் அறியோம். 1988 இல், சியோல் பந்தயத்தின்போதுதான் ஒலிம்பிக்கில் இரு பாலார்க்கும் தொலைவு ஒன்றாயிற்று.

இனி நம் நாட்டு நங்கையர் இருவரைக் காண்போம். பிரதிமா புஹானா, பிரமீளா பிரபா மின்ஸ் ஆகிய இருவரும் ஒடிசா மாநிலத்தவர். 2010 நவம்பரில் சீனத்தின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், சுக்கான் பிடிப்போர் இல்லாத இருவர் படகில் இவர்கள் வெண்கலப் பதக்கம் வென்றனர். தண்டு வலித்தலில் இந்திய மகளிர் ஆசிய விளையாட்டில் பெற்ற முதற் பதக்கம் அதுவே.

அப்படகின் இயல்பை அறிந்தாலன்றி அவ்வெற்றியின் அருமை விளங்காது. நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். எடையோ 27 கிலோ அளவே. ஒருவர்க்கு ஒரே தண்டு. ஒருவர் இடப்புறம் வலிக்க, மற்றவர் வலப்புறம் வலிப்பார். ஒருத்தியின் வலிமை சிறிது மிகுந்தாலும் படகு மறுபுறம் திரும்பிவிடும். ஆகவே வலிமையில் மிக்கவள் தன் வலியை அடக்கல் வேண்டும், அல்லது மெலிந்தவள் அவளுக்கு நிகராக உயர்தல் வேண்டும். ஒருவர் தம் பாதத்தை அசைத்தே சுக்கானையும் திருப்புவார். இருவரும் எல்லைக்கோட்டிற்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பர். பின்தங்கியவரைக் காண்பரேயன்றி முந்தியவரைத் திரும்பி நோக்கினாலன்றிக் காணார். இவ்வாறு 2,000 மீட்டர்! நம் அல்சூர் ஏரியில் அத்தொலைவுக்கு நேர்கோடு இழுக்கவே இடமில்லை.

அவ்வாண்டு குவாங்சோவில் இத்துறையில் இந்தியா பெற்றவை ஐந்து பதக்கங்கள். பஜ்ரங் லால் தாக்கர் தனியர் படகில் வென்ற பொன், இவ்விளையாட்டில் நாட்டின் முதற் பொன்னாதலின், புகழ் பெரும்பாலும் அவரைச் சேர்ந்தது. அது முறையே, எனினும் அவ்வொளியில் நங்கையரின் வெண்கலம் மங்கியதை எண்ணி நாம் வருந்துகிறோம்.

அதன்பின் 2014 இல் இஞ்சியோனில் மூன்று, 2018 இல் இந்தோனேசியாவில் மூன்று, 2023 இல் ஹாங்சோவில் ஐந்து என இத்துறையில் 11 ஆசியப் பதக்கங்கள் நம் நாட்டிற்கு வந்தன. பதினொன்றும் ஆடவர் வென்றவை.