பழவேற்காட்டுப் பாடு

பழவேற்காட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் 1613-ல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்ட்ரியாக் கோட்டையையும், சோழமண்டலக் கரையின் துணிகள் அங்கிருந்து கப்பலேறிய வைபவத்தையும், 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமான விதத்தையும் சொல்லிவிட்டு, செதுக்கு வேலை மிகுந்த பழைய டச்சுக் கல்லறைகளின் முன்னே ஒரு பெருமூச்சோடு நின்றுவிடுகிறார்கள். கோட்டை இடிந்து புதர் மண்டிப் போயிற்று. ஆனால் அதன் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பத்திலும், அதை அடுத்த ஆண்டிக்குப்பத்திலும், நடுவூர் மாதாகுப்பத்திலும் வாழ்ந்த பட்டினவர் என்னும் மீனவர்கள் பழவேற்காட்டு ஏரியைத் தமக்குள் ஆண்டுகொண்ட முறை, கல்லிலும் காகிதத்திலும் ஏறாமலே தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதுவார்தான் குறைவு.

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிதான இந்த உவர்நீர் ஏரியின் பெரும்பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்க, ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவுக்குத் தெற்கேயுள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் அவ்வழியே ஏரிக்குள் பிரவேசித்து, சேற்றிலும் பாசியிலும் மேய்ந்து வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காக மீண்டும் கடலையே நாடிப் புறப்படுகின்றன. நீர் வடியும் வேளையில், அதிலும் இரவில், அவை ஓட்டத்தோடு திரளாக இறங்கும். ஆகவே ஓட்டம் குறுகி விரையும் சில இடங்களில் கழி நட்டு, வருகிற நீருக்கு எதிர்முகமாக வலையை விரித்துக் கட்டிக் காத்திருப்பவனுக்கு இறால் தானே வந்து சேருகிறது. இதில் வலைஞனுடைய சாமர்த்தியத்தைக் காட்டிலும் அவன் நிற்கும் இடத்தின் மகிமையே பெரிது. அத்தகைய இடங்களோ சில. அவற்றை விரும்புவோரோ பலர்.

இந்தச் சங்கடத்துக்குக் குப்பத்தார் கண்ட பரிகாரமே பாடு. வலை கட்டும் இடங்கள் இன்னின்னவை என்று வரையறுத்து, தலைக்கட்டில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அவற்றில் முறை உண்டென்று வைத்து, யார் எங்கே தொடங்குவதென்பதைப் பஞ்சாயத்தார் முன்னிலையில் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, பின்னர் நல்ல இடமும் சோடை இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும்படி சுழற்றிக்கொண்டு போவார்கள். கல்யாணமான ஆண்பிள்ளைதான் தலைக்கட்டாக முடியும்; ஊர் வரியும் ஊர்க் காரியங்களும் அவனைச் சாரும். மாதாவைத் தொழும் குப்பமும் அம்மனைத் தொழும் குப்பங்களும் இந்த ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கி நின்றன என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும்.

இம்முறையை மீன்வள சம்ரட்சணைத் திட்டமென்று இக்காலத்தார் புகழ்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதை வகுத்தவர்களுடைய நோக்கம் அதுவல்ல. பங்காளிச் சண்டையில் மண்டை உடையாதிருக்க வேண்டுமென்பதே. எனினும் நோக்கத்தை மீறிய பலன் ஒன்று அதில் விளைந்தது. இடங்களின் தொகை கட்டுப்பட்டிருந்ததால், குப்பத்தில் ஜனத்தொகை பெருகியபோது ஏரியில் வலைகள் அதே கதியில் பெருகவில்லை. ஒவ்வொருவனும் தன் முறைக்குக் காத்திருக்கும் நாட்களே பெருகின. ஏரியின் மேல் விழவேண்டிய பாரத்தை மனிதர்களுடைய பொறுமை தாங்கிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பொறுமையைச் சோதித்தது இறாலின் விலை. 1960-க்குப் பின் நைலான் வலையும், குளிர்பதனச் சாலையும், அந்நிய நாட்டு ஏற்றுமதியும் ஒருங்கே வந்து சேரவே, இறால் பணமாக மாறிற்று. அதுவரை பாட்டுக்கு வெளியே நின்றவர்கள், தங்களுக்கு மட்டும் ஏன் பாத்தியதை இல்லையென்று கேட்கலானார்கள். கேள்வி நியாயமானதே. ஏரியில் ஜீவிப்பவர்கள் பட்டினவர் மட்டுமல்லர். பழங்குடியினரான இருளர்கள், வலையுமில்லாமல் படகுமில்லாமல், ஓலையால் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, ஆழமில்லாத நீரில் குனிந்தபடியே இரு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலில் தட்டும் இறாலை ஒவ்வொன்றாக எடுத்துப் பறியில் இடுகிறார்கள். நாள் முழுதும் தடவினாலும் ஒரு பாட்டு வலை ஓர் இரவில் வாங்குவதற்கு அது ஈடாகாது. சாதியையும் பிறப்பையும் வேலியாகக் கொண்ட ஒரு நியதி, வேலிக்குள் இருந்தவர்களுக்கு எவ்வளவு சமத்துவத்தை அளித்ததோ, அவ்வளவு கண்டிப்புடன் மற்றவர்களைப் புறத்தே நிறுத்தியது. வழக்குகள் பஞ்சாயத்தைத் தாண்டி அதிகாரிகள்வரை போனதில் வியப்பில்லை.

கடல் கடந்து இலங்கையின் நீர்கொழும்பிலும் இதே இறாலுக்காக, மாதா கோயில்களைச் சார்ந்த மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக் கழிவலை கட்டுகின்றன. அங்கே சர்க்கார் அவ்வழக்கத்தைச் சட்ட விதிகளாகவே எழுதி வைத்தது. இங்கே அது ஊர்க் கட்டுப்பாடாகவே நின்றது. எழுத்தில் ஏறியிருந்தால் அதன் நியாயத்தோடு அநியாயமும் உறைந்து போயிருக்குமோ என்னவோ!

இப்போது வந்திருக்கும் ஆபத்தோ எந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தும் தனித்துத் தீர்க்கக் கூடியதன்று. முகத்துவாரத்தில் மணல் குவிந்து மேடிட்டு வழி தூர்ந்துபோனால், குஞ்சு உள்ளே வருவதுமில்லை, வளர்ந்தது வெளியே போவதுமில்லை. நீரோட்டமே இல்லாதபோது சீட்டில் எவ்வளவு நல்ல இடம் விழுந்துதான் என்ன பயன்? மீனவர்கள் தாங்களே கூடி மணலை வெட்டி வழி திறந்ததும் உண்டு. திறந்த வழி மீண்டும் தூர்ந்ததும் உண்டு. முகத்துவாரத்தை நிலைநிறுத்தச் சர்க்கார் கருங்கல் சுவர் எழுப்பும் வேலையில் இறங்கியது. சுவரை எங்கே, எவ்வளவு நீளத்துக்குக் கட்டுவதென்பது பொறியியல் சாஸ்திரத்தின் பொறுப்பாகலாம். ஆனால் வழி திறந்தபின் ஏரியில் யார், எங்கே, எத்தனை வலை கட்டலாமென்று வகுக்கக் கூடும் சபையில் மூன்று குப்பத்துப் பெரியவர்களோடு, பறியைக் கவ்விச் சேற்றைத் தடவும் இருளரையும் சமமாக உட்கார வைக்க வேண்டும்.